அடி வாங்கும் பாடம்

சென்ற ஆண்டு ஒரு மாலையில் என் மகள் பள்ளியிலிருந்து பாதி நிரப்பிய படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கலைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனவளிடம், சிலம்பம் விளையாட்டைச் சேர்ந்தது, உடற்கல்வி ஆசிரியரிடம் போ என்று சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் போனால், அது நாட்டுப்புறக் கலை ஆயிற்றே, அங்கேயே கொடு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்திருந்த என் அண்ணன் மகன், பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவன், கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "சித்தப்பா, அது கலையும் இல்ல, விளையாட்டும் இல்ல, சுத்தமான சயின்ஸ்" என்று தீர்ப்புச் சொன்னான். மகள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்ப நான் படிக்கிறது என்னதுப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு வயது 12. அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை.

பள்ளியை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. அரசாங்கமே இந்த விஷயத்தில் இரண்டு மனத்தோடுதான் இருக்கிறது. ஜவகர் சிறுவர் மன்றத்தில் பரதநாட்டியம், ஓவியம் ஆகியவற்றின் வரிசையில் சிலம்பத்தையும் சொல்லித் தருகிறார்கள். அங்கே அது கலை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே அது விளையாட்டு. இரண்டும் பொய்யில்லை. கம்பு ஒன்றுதான், அது போய் நிற்கிற அலுவலகம்தான் வேறு.

நான் கம்பு படித்தது ராமநாதபுரக் கடற்கரையில், வேதாளை தாண்டி மேற்கே, தென்கடலைப் பார்த்த ஒரு மீனவக் குடியிருப்பின் மணலில். "கம்பு படித்தது" என்று நான் எழுதுவது அலங்காரத்துக்காக அல்ல. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். புத்தகத்துக்கு என்ன வினையோ கம்புக்கும் அதே வினை. சொல்லிக் கொடுப்பவர் வாத்தியார், ஒரு வரிசை முடிந்தால் ஒரு பாடம் முடிந்தது, மொத்தத்துக்கும் பெயர் வித்தை, ஊர்த் திருவிழாவில் ஆடிக் காட்டும்போது மட்டும் அது விளையாட்டு. "தற்காப்புக் கலை" என்ற தொடரை நான் முதன்முதலில் பார்த்தது ராமநாதபுரத்தில் ஒரு கராத்தே வகுப்பின் விளம்பரப் பலகையில். கலையா அறிவியலா என்று இரண்டு கதவுகளை வைத்து ஒன்றைத் தட்டச் சொல்லும் இந்தக் கேள்வி, அந்தப் பலகையோடு சேர்ந்து வந்த கேள்வி என்றுதான் தோன்றுகிறது. அறுபத்து நான்கு கலைகள் என்று நம் முன்னோர் போட்ட பட்டியலில் மல்யுத்தம் இருக்கிறது. அதே பட்டியலில் பொன்னின் மாற்று அறிவதும் இரத்தினத்தின் தரம் அறிவதும் இருக்கின்றன. இன்றைக்கு இவற்றை ஆய்வுக்கூடத்தில் செய்கிறோம். கற்றுத் தேற வேண்டியது எதுவோ அதெல்லாம் அவர்களுக்குக் கலையாக இருந்திருக்கிறது.

ஆனாலும் அண்ணன் மகன் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால், கல்லூரியில் இயற்பியல் படித்த காலத்தில் நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

எங்கள் வாத்தியார் கரைவலை இழுப்பவர். பள்ளிக்கூடத்துக்குள் அதிகம் போனவரில்லை. கம்பின் நீளம் அவரவர் நெற்றி மட்டம் இருக்க வேண்டும் என்பார். அடிமுனையிலிருந்து ஒரு சாண் விட்டுப் பிடிக்க வேண்டும். அடிக்கும்போது கம்பின் நுனி எதிராளி மேல் படக்கூடாது. "நுனிய விட்டு ஒரு முழம் உள்ள வாங்கி அடி தம்பி. நுனி காட்டுறதுக்கு. அடி அங்க இல்ல" என்பார். எனக்கு இது வெகுநாள் புரியவில்லை. சுழலும் கம்பில் அதிக வேகம் நுனிக்குத்தான். ஐந்தரை அடிக் கம்பை ஒரு சாண் விட்டுப் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்றுச் சுழற்றினால், நுனி மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒரு முழம் உள்ளே வந்தால் அது 45 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். வேகம் கூடிய இடத்தை விட்டுவிட்டுக் குறைந்த இடத்தால் அடிக்கச் சொல்கிறாரே, இது எழுத்தறியாதவரின் பிடிவாதம் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் திண்பொருள் சுழற்சி பற்றிய பாடம் வந்தது. ஓர் அச்சில் சுழலும் தண்டு ஒன்று ஒரு பொருளின் மேல் மோதும்போது, மோதிய அதிர்ச்சி அச்சையும் போய்த் தாக்கும். மோதும் இடம் நுனியை ஒட்டியிருந்தால் அச்சு ஒரு பக்கம் உதறும், கைக்கு நெருங்கியிருந்தால் எதிர்ப்பக்கம் உதறும். இடையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு உதறலும் ஒன்றையொன்று தின்றுவிட, அச்சுக்கு ஒன்றுமே தெரியாது. கிரிக்கெட் மட்டை பிடித்தவர்களுக்கு இது கையில் தெரியும். அந்த இடத்தில் பட்ட பந்து சத்தமில்லாமல் எல்லையைத் தாண்டும், வேறு இடத்தில் பட்டால் விரல்கள் விறுவிறுக்கும். விடுதி அறையில் ஒரு நாள் இரவு, கம்பு 66 அங்குலம், பிடி 9 அங்குலத்தில் என்று வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கணக்கிட்டேன். நுனியிலிருந்து 18 அங்குலத்தில் வந்து நின்றது. ஒரு முழம்.

மூங்கில் முழுக்க ஒரே கனமாக இராது, அடிப்பக்கம் பருத்திருக்கும், பிடிப்பதும் ஒரு கையல்ல. ஆகவே உண்மையான கம்பில் அந்த இடம் சில அங்குலம் அப்படியும் இப்படியும் நகரும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றிரவு நான் தூங்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் எனக்குப் பிடிபட இன்னும் பல ஆண்டுகள் ஆயின. என் கணக்கு அங்குலத்தில் இருந்தது. 66 அங்குலக் கம்புக்கு மட்டும்தான் பொருந்தும். அவர் சொன்ன கணக்கோ சாணிலும் முழத்திலும் இருந்தது. ஆள் குட்டையானால் நெற்றி மட்டம் தாழும், கம்பு குறுகும், அவன் சாணும் முழமும் கூடவே குறுகும். விகிதம் அப்படியே நிற்கும். என் மகளின் நான்கரை அடிக் கம்புக்கும் அவள் முழமே அளவு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கையில் இருந்தது, எந்த உடம்புக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட ஒரு சமன்பாடு.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் யாருமில்லை என்பதுதான் பதில். நுனியால் அடித்தவர்களின் கை மரத்துப்போய்க் கம்பு நழுவியிருக்கும், நழுவவிட்டவன் அடி வாங்கியிருப்பான், அடி வாங்கியவனின் மாணவன் சற்று உள்ளே வாங்கி அடித்துப் பார்த்திருப்பான். எத்தனையோ தலைமுறை விலா எலும்புகள் சேர்ந்து போட்ட கணக்கு அது. ஆய்வுக்கூடத்தில் செய்வதும் வேறென்ன? ஒரு கருத்தைச் சொல்கிறோம், அது பொய்யானால் பொய்யென்று காட்டக்கூடிய ஒரு சோதனைக்கு அதை அனுப்புகிறோம், பிழைத்து வந்ததை வைத்துக்கொள்கிறோம்.

கம்பு தயாரிப்பதிலும் இதே கதைதான். எங்கள் சீமையில் மூங்கில் விளையாது. வெளியூரிலிருந்து வரும் கல்மூங்கிலை வாங்கி, ஊருணித் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, தணலில் காட்டி வளைவு எடுத்து, எண்ணெய் பூசுவார்கள். ஊறவைத்தால் கம்புக்கு "உயிர் வரும்" என்பது வாத்தியாரின் விளக்கம். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடுவதால் துளைக்கும் வண்டுக்கு அதில் தீனி இல்லாமல் போகிறது என்பது தாவரவியலின் விளக்கம். விளக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்; ஊறவைக்காத கம்பு உளுத்துப்போகும் என்பது மாறாது.

மணலையும் சொல்ல வேண்டும். அவர் எங்களைக் கரையின் மேட்டுப்பக்கத்து உலர்ந்த மணலில்தான் காலடி போட வைப்பார். கணுக்கால் வரை புதையும். அரைமணி நேரத்தில் கெண்டைக்கால் கல்லாகிவிடும். பிறகு அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலுக்கு இறக்கி அதே காலடியைப் போடச் சொல்வார், உடம்பு பறக்கும். 1998இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் மணலில் நடப்போரையும் ஓடுவோரையும் அளந்து, உறுதியான தரையைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேலும், ஓட 1.6 மடங்கும் ஆற்றல் செலவாகிறது என்று கண்டார்கள். கரைவலைக் கயிற்றை இடுப்பில் மாட்டிப் பின்பக்கமாக மணலில் நடந்து இழுப்பவருக்கு இந்த எண் தேவைப்படவில்லை.

இவ்வளவு தூரம் வந்தவன், அப்படியானால் அது அறிவியல்தான் என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், கம்புக்கு எதிரே இன்னொரு கம்பு இருப்பதுதான்.

கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பு அசையத் தொடங்க, மனிதருக்குக் குறைந்தது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது ஆகும். மேலே சொன்ன வேகத்தில் அந்த நேரத்துக்குள் கம்பின் நுனி மூன்றரை மீட்டருக்குச் சற்று மேலாகவே போயிருக்கும். அதாவது, கம்பைப் பார்த்துக் கம்பைத் தடுப்பது நடக்காத காரியம். தடுக்கிறவன் கம்பு கிளம்பும் முன்பே கிளம்பியிருக்கிறான். "கம்பப் பாக்காத, தோளப் பாரு. தோளும் பொய் சொல்லும், காலப் பாரு" என்று வாத்தியார் சொல்லும்போது, மணலில் குதிகால் அழுந்துகிற அந்த நொடியைத்தான் காட்டிக்கொடுப்பார். வேகப்பந்தை ஆடுகிற மட்டையாளர் பந்தைவிடப் பந்துவீச்சாளரின் கையையும் ஓட்டத்தையும் படித்தே முடிவெடுக்கிறார் என்று விளையாட்டு ஆய்வாளர்கள் சொல்வதும் இதுவே. இதுவரை அறிவியல் கூடவே வருகிறது.

அடுத்த அடியில்தான் அது தயங்கி நிற்கிறது. நான் அவர் காலைப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததும் அவர் குதிகாலை வேண்டுமென்றே அழுத்துவார். அடி வேறு பக்கத்திலிருந்து வரும். அதை நான் கற்றுக்கொண்டு குதிகாலை நம்பாமல் விட்டால், அன்றைக்கு அந்தக் குதிகால் உண்மையைச் சொல்லும். கடல் இப்படிச் செய்யாது. தென்கடலின் நீரோட்டத்தையும் கச்சான் காற்றையும் எத்தனை தலைமுறை கவனித்தாலும், தன்னைக் கவனிக்கிறார்கள் என்று கடலுக்குத் தெரியாது. தெரிந்து தன் போக்கை மாற்றிக்கொள்ளாது. கிரகணத்தைக் கணித்துச் சொன்னதால் கிரகணம் தள்ளிப்போனதில்லை. எதிராளியைப் பற்றி எழுதும் விதியோ, அவன் அதைப் படித்த அன்றைக்கே செல்லாக்காசாகிவிடுகிறது. பொய்யடிக்கு இலக்கணம் எழுத முடியாது. எழுதினால் அது பொய்யடி இல்லை. அங்கே வேலை செய்வது கணக்கல்ல, ஒரு நாடகக்காரனின் கூர்மை: என்ன செய்யப்போகிறேன் என்று எதிரே நிற்பவனை நம்பவைப்பது, நம்பிய கணத்தில் வேறொன்றைச் செய்வது. இதைக் கலை என்று சொல்லாமல் வேறு எந்தப் பெயரால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேடையில் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகக் கலை என்று சொல்பவர்கள், சரியான சொல்லைத் தவறான காரணத்துக்காகச் சொல்கிறார்கள்.

நம் பழைய புலவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டில், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதியதைச் சாத்தந்தையார் சொல்கிறார். வீரம், புகழ் என்று பொதுவாகப் பேசாமல் கால்களைப் பார்க்கிறார் அவர்: ஒரு கால் மல்லனின் மார்பை ஊன்றி அமுக்குகிறது, மறு கால் அவன் செய்யும் எதிர்ச்செயலைத் தாங்கிக்கொண்டு பின்புறம் வளைகிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதைப்போல இரண்டு முனையும் ஒடிய மோதினான் என்கிறார். நடுவில் ஊன்றி இரு முனைகளையும் வளைத்தால் எதுவும் ஒடியும்; உவமையாக வந்து நிற்பது ஒரு நெம்புகோல். அதே புலவர் 82ஆம் பாட்டில் அந்தப் போரின் விரைவைச் சொல்ல எடுத்துக்கொண்டது, ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுவலி, வானத்தில் மழை, பொழுதோ சாய்கிறது என்ற நிலையில் கட்டில் பின்னுகிற ஒருவன் கையின் ஊசி. மல்லன் ஒருவன் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்திக்கொடுத்த வரிகளோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அவை துல்லியமானவை.

இன்னொரு பக்கத்தையும் எங்கள் சீமையின் வரலாறே காட்டுகிறது. சேது நாட்டிலும் சிவகங்கையிலும் வளரி இருந்தது. பிறை போல வளைந்து, ஒரு முனை மெலிந்து மறு முனை கனத்து இருக்கும் எறிதடி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்றும், தேர்ந்த கையில் அது 100 கெஜத்துக்குள் குறி தவறாது என்றும் 1830இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ், கற்றுக்கொடுத்தவரைப் பின்னாளில் காட்டு விலங்கைப்போல் துரத்தவும், தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததைப் பார்க்கவும், தூக்கில் தொங்கியதைக் காணவும் நேர்ந்ததையும் எழுதுகிறார். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. அந்த ஆண்டு முடிவதற்குள் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை வந்துவிட்டது.

வளரி இன்றும் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கிறது. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் குறித்து வைத்தார். அதை எடை போடலாம், வளைவை அளக்கலாம், காற்றில் எப்படிப் பறக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். தோளுக்கு மேல் அதைச் சுழற்றி விடுகிற கடைசிக் கணத்தில் மணிக்கட்டு என்ன செய்தது என்பது மட்டும் பேழைக்குள் இல்லை. பாடப்புத்தகம் எல்லாம் எரிந்துபோனாலும் ஓம் விதியை யாராவது ஒருவர் மறுபடி கண்டுபிடித்துவிடுவார். ஏனென்றால் மின்சாரம் அங்கேயே இருக்கிறது. ஒரு கை போனால், அதோடு போனது போனதுதான். புதிதாக வீசிப் பழகுகிறவர்கள் தங்கள் வளரியைக் கண்டுபிடிக்கிறார்கள். சின்ன மருது வெல்ஷுக்குக் காட்டியதை அல்ல. கம்பு பிழைத்துக்கொண்டது. அது ஆடு மேய்ப்பவன் கையிலும் வயதானவர் கையிலும் இருக்கக்கூடிய பொருள் என்பதாலும், திருவிழாவில் "விளையாட்டு" என்ற பெயரில் ஒளிந்துகொள்ள முடிந்ததாலும் பிழைத்தது என்பது என் ஊகம்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882இல் கோடோகான் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியபோது, ஜுஜுட்சு என்ற பழைய சண்டை வித்தையிலிருந்த ஆபத்தான பிடிகளையும் அடிகளையும் மோதல் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவைத்தார். கொலைக்கருவியைப் பல் பிடுங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக்கிவிட்டார் என்று தோன்றலாம். எனக்கு அதில் நேர்மாறான ஒன்று தெரிகிறது. கண்ணைக் குத்தும் அடியை நண்பன் மேல் முழு வேகத்தில் போட்டுப் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே அது உண்மையில் பலிக்குமா என்பது சொல்லிக்கொடுப்பவருக்கே தெரியாது. ஆபத்தானவற்றை ஒதுக்கியதால் மிச்சமிருந்ததை ஒவ்வொரு நாளும், முழு பலத்தோடு, தடுக்க முயலும் ஓர் ஆளின் மேல் சோதிக்க முடிந்தது. பல் பிடுங்கிய வித்தை, சோதனைக்குத் தகுதி பெற்ற வித்தையாயிற்று. 1993இல் அமெரிக்காவின் டென்வரில், கடிப்பதும் கண்ணைக் குத்துவதும் கூடாது என்பதைத் தவிரப் பெரிய விதிகள் இல்லாமல் எட்டுப் பேரை மோதவிட்டபோது, சுமோ, கராத்தே, குத்துச்சண்டை என்று பல வழியினர் இருந்த அந்தக் கூட்டத்தில் கடைசியாக நின்றவர், கானோவின் மாணவர் வழியில் பிரேசிலுக்குப் போன பிடிவித்தையைப் பயின்ற ராய்ஸ் கிரேசி என்ற ஒல்லியான மனிதர். ஒரு வழியின் பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. தினமும் எதிர்ப்பைச் சந்தித்த பாடம் நின்றது என்பதற்காக எழுதுகிறேன்.

இந்த இடத்தில் வர்மத்தைப் பற்றிப் பேசாமல் தாண்டிப்போவது கோழைத்தனம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது மரபுக் கணக்கு. அவற்றில் சில இடங்கள் உடற்கூற்றியலோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. கழுத்தின் பக்கவாட்டில் தமனி கிளைக்கும் இடத்தில் அழுத்தம் பட்டால் ஆள் மயங்கிச் சாய்வான். இதயத் துடிப்பின் ஒரு சுழற்சியில் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்கே நீடிக்கும் ஓர் இடுக்கில் நெஞ்சில் அடி பட்டால், எலும்பு முறியாமலே இதயம் தாறுமாறாகி நின்றுபோகக்கூடும். பந்து பட்டு விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் இறந்த நிகழ்வுகளிலிருந்து மருத்துவர்கள் கண்டறிந்தது அது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்வையாலே ஆளைச் சாய்ப்பது, இன்று தொட்டால் இத்தனை நாழிகை கழித்து உயிர் போகும் என்பது, இதெல்லாம் தேநீர்க் கடையில் கேட்க நன்றாக இருக்கும். எந்தத் தோலிலும் போட்டுப் பார்க்கப்படாதவை. எங்கள் வாத்தியாருக்கு மூன்று இடங்கள் தெரியும். அடி பட்டு மூச்சடைத்துப் போனவனை இளக்குவதற்கு அவற்றைப் பயன்படுத்துவார். சொல்லிக் கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டும், "அது ஒனக்கு வேணாந்தம்பி" என்பதோடு முடித்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. மறைத்து வைத்த பாடத்தை யாரும் திருத்த முடியாது. வளரிக்கு நேர்ந்தது அதற்கும் நேரும்.

இன்றைக்குச் சிலம்பத்தின் பெயரால் நடப்பவற்றில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. என் காலத்தில் பெண்பிள்ளைகள் கம்பைத் தொட்டதில்லை. இன்று மகளின் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். அதே நேரத்தில், நூற்றுக்கணக்கான குழந்தைகளை வெயிலில் நிறுத்தி மணிக்கணக்காகக் கம்பைச் சுழற்றவைத்துச் சாதனைச் சான்றிதழ் கொடுக்கும் நிகழ்ச்சிகளும் பெருகிவிட்டன. பெற்றோர் பணம் கட்டுகிறார்கள், குழந்தையின் தோள் வீங்குகிறது, சுழற்றிய கம்புக்கு எதிரே யாருமில்லை. சந்தனக்கூட்டுக்கும் முளைப்பாரிக்கும் முன்னால் கொட்டுக்கு ஏற்பச் சலாம் வரிசை போட்டு ஆடுவதை இதோடு நான் சேர்க்கமாட்டேன். அங்கே தாளம் உடம்புக்குள் இறங்குகிறது. தாளம் இறங்கியவனுக்குத்தான் தாளத்தை உடைக்கத் தெரியும், பொய்யடி பிறப்பது அந்த உடைப்பில். ஆனால் அந்த அலங்காரத்துக்குப் பின்னால் மணலில் அடி வாங்கிய மாலைகள் இருந்தாக வேண்டும். கராத்தேயில் தனியாக ஆடிக்காட்டும் கதாவுக்கும் மோதும் குமிதேவுக்கும் வெவ்வேறு பதக்கம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து ஒன்றில் சிறந்தவர் மற்றதைத் தொடாமலே இருக்க முடிகிறது. சிலம்பத்திலும் தனித்திறமை ஒரு பக்கமும் தொடுமுறை ஒரு பக்கமுமாகப் பிள்ளைகள் பிரிந்து நிற்பதைப் பார்க்கிறேன்.

மகளின் படிவத்தை அந்த ஆண்டு கலைப் பிரிவிலேயே கொடுத்தோம். ஒரு ஆசிரியை மனமிரங்கி வாங்கிக்கொண்டார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவளை வாத்தியாரிடம் அழைத்துப் போனேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார், மற்றதில் இன்னும் எடுக்கவில்லை. மனோலித் தீவுக்கு மேல் வெயில் தணிந்துகொண்டிருந்தது. கரையில் வலை காயப்போட்டிருந்தார்கள். "எங்க, தாத்தாவ அடி பாப்போம்" என்று கம்பை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினார்.

மூன்று அடியை அவர் தடுத்தார். மூன்றாவதைத் தடுத்துவிட்டு அவள் கணுக்காலில் லேசாக ஒரு தட்டும் தட்டினார். நான்காவதில் அவள் இடது காலை முன்வைத்து, வைத்த காலை மணலில் சறுக்கவிட்டாள். தடுமாறுகிறாள் என்று நானே நினைத்தேன். சறுக்கிய காலின் மேலேயே உடம்பைத் தாழ்த்திக் கம்பைக் கீழிருந்து மேலாகக் கொண்டுவந்தாள். அவர் தோளில் பட்டது. சத்தம் நன்றாகவே கேட்டது. அவள் கம்பைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாத்தியார் தோளைத் தடவிக்கொண்டு சற்று நேரம் அவள் கால் சறுக்கிய தடத்தைப் பார்த்தார். "இது யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார்.

"யாரும் இல்ல தாத்தா. வழுக்கிருச்சு. அப்புறம் அப்படியே அடிச்சுட்டேன்."

"கம்ப எடு. இன்னொரு தடவ போடு, அதே மாதிரி."

அவள் போட்டாள், இந்த முறை அது படவில்லை. இன்னொரு தடவை என்றார். அவர் தன் பின்னங்காலைச் சற்று அகட்டி வைத்துப் பார்த்தார், பட்டது. உள்ளே இழுத்து வைத்துப் பார்த்தார், படவில்லை. மறுபடி அகட்டினார். வலை காயப்போட்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். இருட்டும்வரை அந்த ஒரு அடியையே அவளைப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம், "அடுத்த வாரமும் கூட்டியா தம்பி, நாஞ் சொல்லிக்குடுத்த நாலாம் பாடத்துல கால் தப்பா இருக்கு" என்றார்.